திறப்பு

எல்லா வாகனமும் இங்கே நிற்கும்.
சொகுசு பஸ், சீமெந்து லொறி,
வைக்கோல் ஏற்றிய உழவு மெஷின்,
தண்ணீர் பவுசர், பிரேத வண்டிகூட.
கண்டி வீதியில்
முறிகண்டியில் நிற்காமல் போனவர்களைப் பற்றிக்
கதைகள் உண்டு.
நான் அவற்றை நம்புவதில்லை.
நிற்காமல் போனதுமில்லை.

நிற்பது இரண்டு நிமிடம்.
எஞ்சின் உறுமிக்கொண்டே இருக்கும்.
இறங்கி, கால் கழுவி,
கற்பூரம் கொளுத்தி, தேங்காய் சிதறவிட்டு,
தலையில் குட்டி,
"அப்பனே, எல்லாம் உன்ரை கையிலை" என்றுவிட்டு
ஓடிப்போய் ஸ்ரியறிங்கைப் பிடித்துக்கொள்வார்கள்
தங்கள் கையால்.

எதிரே நான் கச்சான் வறுக்கிறேன்,
பதினொரு வருஷமாக.

திருவிழாவில் ஒரு பிரசங்கி சொன்னார்:
பூனை தன் குட்டியைத் தானே கவ்விக்கொண்டு போகும்,
குரங்கின் குட்டியோ தாயை இறுக்கிப் பிடிக்கவேணும்,
இரண்டும் பக்திதான் என்று.
கேட்டுக்கொண்டிருந்த குரங்கொன்று
என் கச்சானில் ஒரு பிடி அள்ளிக்கொண்டு மரமேறியது,
வயிற்றில் குட்டியோடு.
நான் அந்தக் குட்டியின் விரல்களைத்தான் பார்த்தேன்.
எனக்குத் தெரிந்த விரல்கள்.

ஒருமுறை என் கடன் புத்தகத்தை
வாசற்படியில் வைத்துவிட்டு வந்தேன்.
பெண்கள் குழுக் கடன், செவ்வாய்தோறும் தவணை.
இனி நீர் கட்டும் பிள்ளையாரே என்று
சொல்லவில்லை. நினைத்தேன்.
அரை மணியில் ஐயர் கொண்டுவந்து தந்தார்:
"இராசமலர், மறந்து விட்டிட்டு வந்திட்டீர்."
பெயர் முன்மட்டையிலேயே இருந்தது.
அந்தச் செவ்வாயும் நான்தான் கட்டினேன்.

ஆவணி. கச்சான் காற்று
புழுதியை வாரி என் கச்சானில் கொட்டிக்கொண்டிருந்தது.
தெய்வேந்திரம் வந்தார், நெல் லொறியோடு.
இரணைமடுத் தண்ணீரில் விளைந்த சிறுபோகம்,
நூற்றிருபது மூட்டை, தம்புள்ளைக்கு.
அன்று எஞ்சின் நின்றது.
அது நின்ற பிறகுதான்
அந்த இடத்தில் குருவிகள் இருப்பது தெரிந்தது.

அவர் தேங்காய் உடைக்கவில்லை.
லொறித் திறப்பைப் படியில் வைத்தார்.
"இனி நீரே ஓட்டும்" என்றார்,
வாடகைச் சைக்கிளைத் திருப்பிக் கொடுக்கிற குரலில்.
பிறகு பாலைமரத்தின் கீழே போய்ச் சரிந்தார்.

போன் அடித்தது. முதலாளி.
மறுபடி முதலாளி.
பதினேழாவது தடவை நான் எடுத்தேன்.
"எங்கை அவன்?"
"கோயிலிலை."
"கும்பிட எவ்வளவு நேரம்?"
பார்த்தேன். வாய் திறந்திருந்தது.
எறும்பொன்று கன்னத்தில் ஏறி
மீசைக்குள் வழிதவறித் திரிந்தது.
ஒரு விரல் அசையவில்லை.
"இன்னும் முடியேல்லை" என்றேன்.

படியில் திறப்புக் கிடந்தது.
எத்தனையோ கால்கள் தாண்டிப் போயின.
ஐயர் வந்தார், குனிந்தார்,
என்னைப் பார்த்தார்,
எடுக்காமல் நிமிர்ந்து போய்விட்டார்.
உள்ளேயிருந்தும் எவரும் கை நீட்டவில்லை.

பொழுதுபட எழும்பினார்.
முகம் கழுவினார்.
திறப்பை எடுத்தார், இரண்டு கையாலும்,
யாரோ தந்து வாங்குவதுபோல.
பகிடியாகத்தான் கேட்டேன்:
"என்ன அண்ணை, ஓட்டினவரோ?"
கொஞ்சம் யோசித்தார்.
"ஓட்டேல்லைத் தங்கச்சி.
நித்திரையாக்கினவர்."

ஒரு சுண்டு கச்சான் வாங்கினார்.
காசு சரியாகத் தந்தார்.
லொறி மாங்குளப் பக்கம் போனது,
பின் லைற் ஒன்று எரியாமல்.

அடுப்பை நூர்த்தாலும்
வறுத்த மணல் வெகுநேரம் சுடும்.
கடன் புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துப் படுப்பது என் வழக்கம்.
அன்று அது கடையிலேயே கிடந்தது,
தராசுத் தட்டில்.
செவ்வாய்க்கு இன்னும் இரண்டு நாள்.

இருட்டில் ஒரு பஸ் வந்து நின்றது.
எஞ்சின் உறுமியது. தேங்காய் சிதறியது.
வழமைபோல அந்த இரண்டு நிமிடத்தை
எண்ணத் தொடங்கினேன்.

பஸ் புறப்பட்டது எனக்குக் கேட்கவில்லை.