ஏறத்தாழ

தாம்பரேயில் டிசம்பர். மூன்று மணிக்கே இருட்டு.
ஏரிப் பனியைத் துளைக்கும் அலகைச்
செய்தித்தாளில் சுற்றி எடுத்து வந்திருந்தார்
தௌனோ கிவிஹார்யு.
சாய்வு இருபத்திரண்டு பாகை.
பதினொரு குளிர்காலம் மண்டியிட்டுக் கண்டது.

'ஏறத்தாழ இருபத்திரண்டு' என்று
விண்ணப்பத்தில் அடித்தேன்.

முகம் சுண்டிப்போயிற்று.
"என்ன ஏறத்தாழ? இருபத்திரண்டு."

"அப்படியே எழுதினால்
நாளைக்கே எவனாவது
இருபத்துமூன்றில் கடை விரிப்பான்."

"விரிக்கட்டும். வெட்டாது, வழுக்கும்."

காப்புரிமை வழக்கறிஞர் நான்.
வேலி போடுவது பிழைப்பு;
அந்த ஒரு சொல்லில்தான்
என் அடுப்பு எரிகிறது.
சொல்லிப் பார்த்தேன். காபி ஆறியது.
கடைசியில்
தாள் கிழிகிற அழுத்தத்தில்
கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

அலகு மேசையிலேயே கிடந்தது.
மகள் விட்டுப்போன பாகைமானியை வைத்துப் பார்த்தேன்.

இருபத்தொன்றரை.

மறுபடி செய்தித்தாளில் சுற்றி வைத்தேன்.