எரிந்தால் எரியட்டும்

நாற்பத்தைந்து லெய்.
இரண்டு பீட்சா வரும் அந்தக் காசுக்கு, ஆலிவ் இல்லாமல்.
யாஷ் நகரில் மூடிப்போன பல் கிளினிக்கின் பின்கதவில்
காவலாளி டோரெல் என் கையில் திணித்த தக்காளிப் பெட்டி:
ஒரு மதர்போர்டு, அதில் கழற்றாத ப்ராசஸர்,
ரேம் இரண்டு, ஹார்ட் டிஸ்க் ஒன்று.
விசிறி இதழ்களில் பதினைந்து வருஷத் தூசு.
தூசுக்குள் கிராம்பு வாசம்.

வீட்டில் வேறொன்று இருக்கிறது.
கண்ணாடிப் பக்கம், நீல விளக்கு.
மூன்று வருஷ இரவு ஷிப்டு அது.
அதன் பயாஸ் திரையைத் திறப்பேன்,
வோல்டேஜ் வரியில் கர்சர் நிற்கும்,
கை வேர்க்கும், மூடிவிடுவேன்.
கல்யாண உடுப்போடு நீச்சல் பழக முடியுமா?

ஆகவே இது.
கூடு கிடையாது, பொத்தான் கிடையாது.
அட்டைமேல் மல்லாந்து கிடக்கும்.
இரண்டு ஊசிகளை ஸ்க்ரூடிரைவர் முனையால் சேர்த்துத் தொட்டால்
விழிக்கும்.
முதல் தடவை விழித்ததும் சொன்னது:
திங்கள், ஒன்பதரை, திருமதி பரஸ்கிவா, கீழ்த்தாடை.
அழித்தேன். படித்துவிட்டுத்தான்.

பிறவி வேகம் இருநூறு. பதினொன்றால் பெருக்கிக்கொள்.
இருநூற்றுப் பத்து. ஓடியது.
இருநூற்று முப்பது. ஓடியது.
மனிதர்களிடம் இப்படிக் கேட்க முடியாது,
இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று.
(கேட்கிறார்கள். பேக்கரியில் மேலாளர் கேட்கிறார்.)

இருநூற்று அறுபத்தாறில் வைத்துப் பகா எண்களைத் தேட விட்டேன்.
பதினெட்டாம் நிமிடம் ஒரு கணக்கில் பிசகியது.
தப்பாகச் சொல்வதுதான் அதன் முதல் முனகல்.
அணைவதெல்லாம் அப்புறம்.

அறைத்தோழி ஸ்மரண்டா மயக்கமருந்து படிக்கிறாள்.
சூப் கிண்ணத்தோடு வந்து எட்டிப் பார்த்தாள்.
"எவ்வளவு கொடுத்தாய்?"
"ஒன்று புள்ளி மூன்று ஏழு."
"கூட்டினால்?"
"சூடாகும்."
"குறைத்தால்?"
"தடுமாறும்."
"எங்கள் வேலைதான்," என்றாள். "எங்களுக்கு ஜம்பர் கிடையாது."

ஜம்பர் ஓர் இம்மி பிளாஸ்டிக் தொப்பி.
ஓர் ஊசி தள்ளி மாட்டிப் பத்து எண்ணினால்
செய்ததெல்லாம் மறந்து மறுபடி இருநூறு.
நேற்று மட்டும் ஒன்பது முறை மறக்கவைத்தேன்.
பேஸ்ட் அதிகம் பிதுக்கி விளிம்பில் வழியவிட்டேன்.
ரேமைத் திருப்பிச் செருகப் பார்த்தேன்.
ஒன்று புள்ளி ஐந்து கொடுத்துவிட்டு
ஜன்னலோரம் போய் நின்றேன், விஷம் வைத்தவள் போல.
சாகவில்லை.

மாவு படிந்த ஷிப்டு அட்டவணையின் முதுகில்
என் கையெழுத்து இப்போது இப்படி:
இருநூற்று எண்பத்து மூன்று, ஒன்று நான்கு, நிற்கிறது.
இருநூற்றுத் தொண்ணூறு, அதே, கறுப்புத் திரை.
இருநூற்றுத் தொண்ணூறு, ஒரு சிட்டிகை கூட, பரவாயில்லை.
சிட்டிகை என்று எழுதியதைப் பிறகுதான் கவனித்தேன்.

பிப்ரவரி. பால்கனியில் மைனஸ் பதினொன்று.
மேஜையை வெளியே தள்ளினேன்,
கையுறையின் விரல்நுனிகளை வெட்டினேன்.
முந்நூறு.
ஒரு மணி நேரம் ஒரு பிசகும் இல்லாமல் முந்நூறு.
எதிர்க் கட்டடத்தில் ஒருவர் புகைத்துக்கொண்டே பார்த்தார்.
கையசைத்தேன். அவர் அசைக்கவில்லை.

பழகிய கையோடு நீல விளக்கிடம் போனேன்.
எப்போது ஏறுவது, எப்போது இறங்குவது,
அதற்கு எல்லாம் தானாகவே தெரிந்திருந்தது.
நான் கூட்ட முடிந்தது நூற்றுக்கு இரண்டு.
பயம் போய்விட்டது. கூடவே கொஞ்சம் ஆசையும்.

பால்கனியிலிருந்து எடுத்துவந்தது
உடம்பெல்லாம் நீர் கோத்துக் கிடக்கிறது.
இந்நேரம் மின்சாரம் கொடுத்தால் நிச்சயம் போய்விடும்.
எரிந்தால் எரியட்டும் என்று வாங்கியதுதானே.
ஷிப்டுக்கு நாற்பது நிமிடம் இருக்கிறது.
துண்டு விரித்து அதன்மேல் சாய்த்துவிட்டு
பவர் கேபிளைச் சுருட்டிக் கோட்டுப் பையில் போட்டுக்கொள்கிறேன்,
ஸ்மரண்டா தெரியாமல் போட்டுவிட்டால்.