கிழிக்காத தாள்கள்

"வெறும் வயிறா வந்தீங்களா?"
ஒரு நாளைக்கு அறுபது பேரிடம் கேட்பேன்.
பெரவள்ளூர் லேப், காலை ஆறரை,
ரப்பர் பட்டை, பஞ்சு, ஊசி,
"கையை மடக்குங்க, தேய்க்காதீங்க."
ஆடியில் ஒரு திங்கள்
கூட்டமில்லாத பத்து நிமிடத்தில்
தில்ஷாத் என் கையைத் தட்டி நரம்பு தேடினாள்.
"கிடைக்கவே மாட்டேங்குதேக்கா, சதை."
மூன்று மாதச் சர்க்கரை ஏழு புள்ளி ஒன்பது.
எடை எண்பத்தொன்று.
பிறர் ரிப்போர்ட் என்றால்
மடித்து உறையில் போட்டு ஒட்டியிருப்பேன்.
என்னுடையதை மதியம் வரை
கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு
தானாகத் தொலைகிறதா என்று பார்த்தேன்.

மளிகைக் கடை கொடுத்த தினசரி காலண்டரில்
எல்லாம் போட்டிருக்கிறது.
நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம்,
சூலம் கிழக்கு, பரிகாரம் தயிர்.
கொளத்தூரில் ஒருத்தி எத்தனை மணிக்கு நடக்கலாம் என்று
போடவில்லை.
நானே வைத்துக்கொண்டேன் சட்டம்:
நாற்பது நிமிடம் நடந்தால்தான்
ஒரு தாள் கிழிப்பது.

முதல் வாரம் ஏழு தாள்.
எட்டாம் நாள் குதிகால்.
ஒன்பதாம் நாள் நாத்தனார்.
பத்தாம் நாள் காரணமே இல்லை,
ஃபேனுக்கு அடியில் கண் திறந்து கிடந்தேன்,
ஆவின் வண்டி வந்து போனது கேட்டது.

ஊரில் வெள்ளிக்கிழமை.
எங்கள் சுவரில் செவ்வாய்.
எத்திராஜ் அதைப் பார்த்து
சீட்டுப் பணம் கட்ட இன்னும் நாளிருக்கிறதென்று
நிம்மதியாக இருந்துவிட்டார்.
அபராதம் ஐம்பது ரூபாய்.
"பைத்தியமாடி உனக்கு, தேதியைப் போய் நிறுத்தி வைக்கிறியே?"
நான் நின்ற இடத்தில்
அதுவும் நின்றது, அவ்வளவுதான்.

ரெட்டேரிப் பக்கம் போவேன்.
மெட்ரோவுக்கு அடைத்த தகரத்தை ஒட்டி,
தண்ணி கேன் ஆட்டோவுக்கு ஒதுங்கி.
வேகமெல்லாம் இல்லை.
மூச்சு வாங்கும், ஆனால் பேசலாம்.
பேச ஆளில்லாததால்
அன்று கொடுக்க வேண்டிய ரிப்போர்ட்டுகளை எண்ணுவேன்.
பஜ்ஜிக் கடை அப்போது மூடியிருக்கும்,
அதனாலேயே அது நல்ல நேரம்.

டீயில் இரண்டு கரண்டி ஒன்றானது.
ஒன்று அரையாக ஐந்து வாரம்.
அரைக் கரண்டி இன்னும் போகவில்லை,
அதனுடன் இப்போது சண்டையில்லை.
இட்லி நாலிலிருந்து மூன்று.
நாலாவது வேறு தட்டுக்குப் போனால்
கண்ணும் கூடவே போகிறது.

ஐப்பசி மழையில் தெருவில் முழங்கால் தண்ணீர்.
மொட்டைமாடியில், குடை பிடித்துக்கொண்டு,
தொட்டியைச் சுற்றி நூற்றுப்பத்து சுற்று.
எதிர்வீட்டு மாடியிலிருந்து ஹெலன் கத்தினாள்:
"என்ன தொலைச்சீங்க?"
"எண்பத்தொன்று" என்றேன்.
மழையில் அவள் காதில் விழவில்லை.

தீபாவளி எங்கள் சுவருக்குப்
பதினான்கு நாள் கழித்து வந்தது.
சிவப்பு எழுத்துத் தாள்.
வெடியில்லை, எண்ணெய்ச் சட்டியில்லை,
முறுக்கு டப்பாவின் அடியில் தூள்.
நாற்பது நிமிடம் நடந்து வந்து
ஈரக் கையோடு கிழித்தேன்.
வயிறு கனக்காமல் முடிந்த முதல் தீபாவளி.

ஜனவரி ஒன்று.
புதுக் காலண்டர், அதே கடை, அதே முருகன்.
பழையதில் இருபத்தாறு தாள் மிச்சம்.
நான் படுத்துக் கிடந்த நாட்களின் கனம்
கட்டைவிரலால் தடவினால் தெரிகிறது.
எத்திராஜ் பக்கத்திலேயே புது ஆணி அடித்தார்.
"ஊருக்கு இது. உனக்கு அது."

அன்றைக்கே தில்ஷாத் மறுபடி நரம்பு தேடினாள்.
ஏழு புள்ளி ஒன்று. எழுபத்தாறரை.
"இவ்வளவுதானாக்கா?"
இவ்வளவுதான்.
பஞ்சை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.
அடுத்த ஆள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.
"வெறும் வயிறா?" என்றேன்.

நாளை எங்கள் சுவரில் டிசம்பர் ஏழு.
நடந்தால்.