சுரம்

கத்திரி நாலாம் நாள்
ஊர் பார்க்க வந்தவள் நான் ஒருத்திதான்.
"சவத்து வெயிலு, பைய வாட்டி" என்கிறாள் பிரிசில்லா.
அவள் போட்டு வைத்த வழியில்
பார்க்கவேண்டிய இடம் எதுவுமில்லை;
எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் நிழல், அவ்வளவுதான்.
கீழரத வீதியில் கிழக்கு ஓரம்.
பட்டையில் பதநீர், அதில் நுங்குத் துண்டு.
கழுத்தில் சுற்றிய ஈரத் துண்டு
காய ஒன்பது நிமிடம். எண்ணினேன்.

வெளிப் பிராகாரத்தில்
கயிற்றுப் பாய் முடிந்த இடத்தில்
இரண்டு பேருக்கும் நாட்டியம் வந்துவிட்டது.

உள்ளே, இருட்டில், மணித்தூண்.
"காத வையி. நான் தட்டுதேன்."
தட்டினாள்.
ஏதோ சுரம் ஒலித்திருக்க வேண்டும்.
நான் கன்னத்தை எடுக்கவில்லை.
பிறகு மறு கன்னம். பிறகு நெற்றி,
பதநீர் சிந்திய உள்ளங்கை.
"கேக்காட்டி?"
"இன்னொரு தடவ."
தட்டுவதை விட்டுவிட்டு
அவளும் எதிர்ப்பக்கம் வந்து
முகத்தை ஒட்டிக்கொண்டாள்.

நடை சாத்த வந்தவர்
ஒரே தூணில் இரண்டு பெண்கள்
கண்மூடி நிற்பதைப் பார்த்தார்.
சாவிக்கொத்தைச் சத்தம் வராமல்
இறுக்கிப் பிடித்துக்கொண்டு
கொஞ்ச நேரம்
அப்படியே நின்றார்.