எத்தனை மணிக்கு எடுக்கிறாங்க

கல்லூரியில் கேட்டது மூன்று:
ஒரு ட்ரெய்லர், ஒரு போஸ்டர்,
இல்லாத பத்திரிகைக்கு ஓர் அட்டை.
படம் பதினான்கு நிமிடம். பேய்ப்படம்.
பெயர் ஈரக்கால்.
இயக்கம் கோகுலவாசன். பேய் ஜெசிந்தா.
மீதி எல்லாம் நான்.

அட்டை சுலபம்.
விலை இருபத்தைந்து ரூபாய் என்று போட்டதுமே
ஏதோ ஒரு கடையில் அது
கிளிப் மாட்டித் தொங்குவதுபோல் ஆகிவிட்டது.
பார்கோடு, விடுதி மேசையில் கிடந்த
பிஸ்கட் பாக்கெட்டில் எடுத்தது.
‘உள்ளே’ என்று போட்டு நான்கு வரி எழுதினேன்.
உள்ளே ஒன்றும் இல்லை.

ட்ரெய்லரில் திறக்கும் கதவு
படத்தில் கிடையாது. அது மெஸ் கதவு,
எண்ணெய் காணாத கீல்.
அலறல் மட்டும் நிஜம்.
தரமணி வாடகை அறையில்
ட்யூப்லைட்டின் பின்னாலிருந்து ஒரு பல்லி
ஜெசிந்தாவின் தோளில் விழுந்தபோது
மைக்கை அணைக்க மறந்திருந்தோம்.
கோகுல் ஓடிப்போய்க் காலண்டரின் பின்பக்கம் பார்த்தான்.
எந்தத் தோளானாலும் வெற்றி என்றிருந்தது.
‘எங்களுக்கும் அது செல்லுமாடா?’
என்று கேட்டாள், கழுத்துச் சிலுவையைப் பிடித்தபடி.

போஸ்டர்தான்.
கலருக்குக் காசு இல்லை.
சிந்தாதிரிப்பேட்டை அச்சகத்தில்
கறுப்பு வெள்ளை பாதி விலை.
ரத்தச் சிவப்பில் நான் வரைந்த ஈரக்கால்
சாம்பலாகிப் பின்னணியில் கரைந்துபோனது.
ஜெசிந்தா என்பது மட்டும் பளிச்சென்று நின்றது,
மேலே சிரிக்காத முகம்,
கீழே கிழமை, தேதி, மணி.
சுற்றிக் கறுப்புக் கோடு போட்டால் எடுப்பா இருக்கும் தம்பி
என்றார் அச்சகத்து அண்ணன்.
கைப்பழக்கம் அவருக்கு.
நான் தலையாட்டினேன்.

இரவு ஒன்றரைக்கு மைதா காய்ச்சினோம்,
மாடு தின்னாமலிருக்க மயில்துத்தம் ஒரு சிட்டிகை.
ராயபுரத்தில் மட்டும் இருபது.
அவள் பிறந்த இடம், கூட்டம் வரும் என்று கணக்கு.
‘இங்கு விளம்பரம் செய்யாதீர்’ மேலேயே இரண்டு.

காலை ஆறரைக்கு அவள் அப்பாவுக்கு முதல் போன்.
ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுபவர்,
வாயில் பேஸ்ட் நுரையோடு எடுத்தார்.
‘எத்தனை மணிக்கு எடுக்கிறாங்க?’
‘எடுத்தாச்சே. போன மாசமே எடுத்துட்டாங்க.’
அந்தப் பக்கம் பேச்சில்லை.
‘ஒரு வார்த்தை சொல்லலையே, சேவியர்.’
‘இதுல என்ன சொல்றது?
வியாழக்கிழமை நாலு மணிக்குப் போடறாங்க,
வந்து பாருங்க.’

எட்டு மணிக்குள் வாசலில்
பதினேழு ஜோடி செருப்பு.
யாரோ பிளாஸ்டிக் நாற்காலிகளைக்கூட
இறக்கிவிட்டார்கள்.
ஒன்பதுக்கு, பசை காய்ந்த கையோடு
ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கினாள் ஜெசிந்தா.
தெருக்குழாயில் கைகால் கழுவினாள்.

பதினான்கு நிமிடத்தில் எங்களுக்கு வராததை
குழாயடியிலிருந்து வாசல் வரை
நடந்தே செய்து முடித்தாள்.
டீ ஆற்றிக்கொண்டிருந்தவர்
ஆற்றிக்கொண்டே இருந்தார், தரையில்.
அத்தை ஒருத்தி சிலுவை போட்டுக்கொண்டு
நாற்காலியோடு பின்னால் சாய்ந்தாள்.
சிமெண்டில் ஒவ்வொன்றாக ஈரத் தடம்.

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.
அவளுக்கு மட்டும் ஏனோ வரவில்லை.
யார் யார் வந்திருந்தார்கள் என்று எண்ணினேன் என்றாள்.
யார் வரவில்லை என்றும்.

திரையிடலுக்குப் பதினொரு பேர்.
ஒருவரும் பயப்படவில்லை.
போஸ்டர், படத்தின் வகையை உணர்த்தவில்லை:
பத்துக்கு ஐந்தரை.

எல்லாவற்றையும் அவள் அப்பாவே கிழித்துவிட்டார்.
பாலத்தடியில் ஒன்று மட்டும் தப்பியிருந்தது.
போன வாரம் அந்தப் பக்கம் போனேன்.
அதன் பாதியை மறைத்து
உண்மையான ஒன்று ஒட்டியிருந்தார்கள்.
அதே அச்சகம், அதே கறுப்புக் கோடு.
முன்பின் தெரியாத ஒருவரின் நெற்றிக்கு மேலே
ஜெசிந்தாவின் கண்கள்.
பைக்கை ஓரம் கட்டிப் பெயரைப் படித்தேன்,
வயதை, தெருவை.
மாலை நான்கு மணியளவில் என்றிருந்தது.
போனைப் பார்த்தேன். நாலே கால்.
எடுத்திருப்பார்கள்.