பேருக்கு ஐம்பத்தொன்று

காகிதத்தில் என் பெயர் சுபரத் கியாத்திகுன்.
கிராபியில் யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.
இங்கே நான் தோய்.
தோய் என்றால் ரம்பை இலை.
மணத்துக்குச் சோற்றில் போட்டு
பரிமாறும் முன் எடுத்து எறிவது.

ஹென்னிங் டென்மார்க்கிலிருந்து வந்தவர்.
கெட்டவர் இல்லை.
என் மகன் பல்லுக்குக் கம்பி போட்டது அவர் காசு.
ஒரு மழைநாள், கணக்காளர் விச்சியென்
பதினான்கு தாள்களை மேசையில் விசிறிபோல் விரித்து
பென்சில் புள்ளி வைத்த இடமெல்லாம் காட்டினார்.
"சும்மா பேருக்குத்தான், அக்கா."

பேருக்குத்தான்.
நூற்றில் ஐம்பத்தொன்று எனக்கு.
நான் போட்ட முதல்
பத்து லட்சத்து இருபதாயிரம் பாட்.
அன்று என் பையில் இருந்தது
படகுக்கூலி போக எழுபது.

கடைசியாக ஒரு தாள்:
இந்தப் பங்குகளை நான் விற்றுவிட்டேனாம்.
யாருக்கு என்ற இடம் காலி.
தேதி காலி.
என் கையெழுத்து மட்டும் தனியாக
விளக்கணைந்த நிறுத்தத்தில் நிற்பவள்போல் நின்றது.
ஹென்னிங் அதை இரும்புப்பெட்டியில் வைத்துப் பூட்டினார்.
வாரம் ஒருமுறை
அந்தப் பெட்டியைத் துடைப்பது நான்தான்.

ஆறு வருஷம்.
வருஷத்துக்கு ஒருமுறை பொதுக்குழு கூடியது,
நான் குளியலறை கழுவிக்கொண்டிருந்தபோது.
தீர்மானங்கள் ஏகமனதாக நிறைவேறின.
ஈரக்கையை இடுப்புத்துணியில் துடைத்துக்கொண்டு
நான் ஏகமனதானேன்.

போன செவ்வாய் வணிகத் துறையிலிருந்து இருவர் வந்தார்கள்.
பெண் அதிகாரி செருப்பை வாசலில் கழற்றினாள்.
"உங்கள் ஓட்டலில் எத்தனை அறை?"

பன்னிரண்டு.
நாலாம் எண்ணில் குழாய் ஒழுகும்.
ஒன்பதில் பல்லி, விரட்டினால் பத்துக்குப் போகும்.
தலையணை உறை முப்பத்தெட்டு,
அதில் இரண்டு சாயம் போனது.

எந்த முதலாளியும்
இவ்வளவு சொன்னதில்லை என்றாள்.
பிறகு,
"பங்குக்குப் பணம் எங்கிருந்து வந்தது?"

அந்த நேரம் பார்த்து
துவைக்கும் இயந்திரமும் நின்று தொலைத்தது.

என் வங்கிப் புத்தகத்தை அவளே புரட்டினாள்.
பத்தாம் தேதி வரும் சம்பளம்
பதினைந்துக்குள் போய்விடும்,
பக்கத்துக்குப் பக்கம் அதே கதை.
மூன்று வருஷம்வரை சிறை உண்டு என்றாள்,
பெயர் கொடுத்தவருக்கும், வாங்கியவருக்கும்.
திட்டவில்லை.
மாத்திரையை எப்போது விழுங்க வேண்டும் என்பதுபோல் சொன்னாள்.

இரவு ஹென்னிங் பெட்டியைத் திறந்தார்.
அந்தத் தாளைக் காட்டினால் ஓட்டல் அவருடையது,
குற்றமும் அவருடையது.
கிழித்தால் சாட்சி இல்லை,
ஓட்டலும் இல்லை.

என்னைப் பார்த்தார்.
ஆறு வருஷத்தில் முதல்முறையாக
என் முழுப்பெயரைச் சொல்ல முயன்றார்.
நாக்கு 'கியா'வில் தடுக்கி விழுந்தது.
எடுத்துக் கொடுக்க எனக்குத் தோன்றவில்லை.

காலையில் நாலாம் எண் அறைக்குப் போனேன்.
குழாய் ஒழுகிக்கொண்டுதான் இருந்தது.
யாருடைய தண்ணீர் இது என்று
ஒரு நிமிடம் நின்றேன்.

பிறகு வாளியை வைத்தேன்.