தேர் நாள் நீங்கலாக

ராஜ வீதியில் மாடிப் போர்ஷன்.
கீழே பாத்திரக் கடை, மேலே நான்.
நெற்றியில் 1931 என்று சுண்ணாம்பில் எழுதி
இரண்டு பக்கமும் கிளி வைத்த வீடு.
ஒரு கிளிக்கு மூக்கில்லை.
"மூக்கில்லாத பக்கந்தானுங்க உங்குளுது,
அதான் ஐநூறு கம்மி" என்றார்
புரோக்கர் லியாகத்.

கூடம் ஒரு காலத்தில் ஒரே கூடம்.
பஞ்சு மூட்டை எடை போட்டார்களாம்,
பந்தி நடந்ததாம்.
இப்போது நடுவில் ஒரு பிளைவுட் சுவர்
யாரையும் கேட்காமல் போகிறது.
விதானத்துச் சுதைப்பூவில்
மூன்று இதழ் எனக்கு, ஐந்து அவர்களுக்கு.
சன்னலில் பதினோரு கம்பி.
எண்ணிப் பார்த்தேன், ஐந்துதான் என்னுடையது.
ஃபேன் கொக்கி அந்தப் பக்கம் போய்விட்டது.

வீட்டுக்காரர் தாமோதரசாமி இருப்பது
சரவணம்பட்டியில், லிஃப்ட் வைத்த ஒன்பதாவது மாடியில்.
ஹெல்மெட்டைக் கழற்றாமலே கேட்டார்:
"எத்தன பேருங்?"
ஒருத்திதான்.
"ஊட்டுக்காரரு?"
கோர்ட்டில் முடிந்தது, போன ஆவணியில்.
"சொந்த ஊருங்?"
காங்கேயம்.
"காங்கேயத்துல... எந்தப் பக்கம்ங்?"
பஸ் ஸ்டாண்டுப் பக்கம் என்றேன்.
ஹெல்மெட்டுக்குள் கொஞ்ச நேரம் சத்தமில்லை.
லியாகத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
அட்வான்சில் ஒரு மாதம் கூடியது.

பத்திரத்தில் த/பெ, க/பெ
இரண்டில் ஒன்றை அடிக்கச் சொன்னார்கள்.
அடித்தேன்.
பேனா கொஞ்சம் ஆழமாகவே போனது.
பதினோரு மாதம்.
சிறுவாணித் தண்ணீர் வருகிற அன்று இரண்டு டிரம்.
ஆணி அடிக்கக் கூடாது.
ஏழாவது ஷரத்து:
மேற்படி பால்கனி,
கோனியம்மன் தேர் நாள் நீங்கலாக,
வாடகைதாரரின் அனுபோகத்தில் இருக்கும்.

மற்ற நாளெல்லாம்
அங்கே என் நைட்டி காய்ந்தது.
கிரைண்டர் கம்பெனி சர்வீஸ் கவுண்டரில்
"கல்லு சுத்த மாட்டேங்குதுங்" என்று
பகல் முழுக்கக் கேட்டுவிட்டு வந்து
அங்கேதான் காலை நீட்டினேன்.
ஒரு மழை நாளில் கிளிப் நழுவி
சன்னல் விளிம்பில் அந்தப் பக்கமாய் விழ,
ஆறு கம்பிக்கு நடுவிலிருந்து
சங்கு வளையல் போட்ட ஒரு கை வந்தது.
"கிளிப்புங்க."
மிதாலி. வங்காளத்துக்காரி.
அவளுக்குத் தெரிந்த தமிழ் இருபது சொல்,
இருபதிலும் ங்க.
புருஷன் நகைப்பட்டறையில்.
ராத்திரி அவன் சட்டையைத் தட்டின் மேல் உதறுவாள்.
தங்கத்தூசிங்க, என்பாள்,
உப்பளவு கூட இல்லைங்க.

மாசியில் தேர் வந்தது.
அதற்கு முன்னால் வீட்டுக்காரர் குடும்பம் வந்தது,
இருபத்து மூன்று பேர், ஒரு வீல்சேர்,
மடக்கு நாற்காலிகள், முறுக்கு டப்பா.
என் கொடிக்கயிற்றை அவிழ்த்து
என் கையிலேயே கொடுத்தார்கள்.
"பாத்ரூம் எக்கட்டாலைங்?"
வழி சொன்னேன்.
டம்ளர் ஆறுதான் இருந்தது, கழுவிக் கழுவிக்
காப்பி கொடுத்தேன்.

தேர் மாடி உயரத்துக்கு வந்தபோது
தோள்களுக்குப் பின்னால் எனக்குக் கிடைத்தது
கலசம் மட்டும்.
ஓடிப்போய் ஐந்து கம்பியில் முகம் வைத்தேன்.
ஆறு கம்பியில் மிதாலி.
நடுவில் பிளைவுட்டின் விளிம்பு, அரை அங்குலம்.
வடம் நின்றது.
தேர்ச்சீலை சன்னலை முழுசாய் அடைத்தது.
உள்ளே இருட்டு, மரிக்கொழுந்து வாசம்,
பக்கத்தில் அவள் மூச்சு.
பிறகு யாரோ கத்த, மறுபடி வெளிச்சம்.
வீதியிலிருந்து உப்பு பறந்துகொண்டிருந்தது, கை கையாய்.
தேருக்கு வீசியதில் பாதி மாடிக்கு.

கிளம்பும்போது வீட்டுக்காரர் சம்சாரம்
சுவரைத் தடவிப் பார்த்து
"ஊட்ட நல்லா வெச்சிருக்கறீங்" என்றார்.
பத்திரம் புதுக்கும்போது எண்ணூறு ஏறும் என்று
அப்போதே புரிந்தது.

கயிற்றைத் திரும்பக் கட்டினேன்.
பால்கனி முழுக்கக் கல்லுப்பு,
செருப்புத் தடங்களுக்கு நடுவே மினுங்கியது.
கம்பி வழியாக மிதாலி ஒரு பிரஷ் நீட்டினாள்.
பட்டறைப் பிரஷ்,
ஒரு துகளை விடாது.
மண்டியிட்டுக் கூட்டினேன்.
அரைக்கிலோ தேறும்.

பத்திரத்தை எடுத்துப் படித்தேன், இரண்டு தரம்.
உப்பைப் பற்றி ஒன்றும் இல்லை.